பற்றவைக்காத மூட்டம்

அந்த ஆகஸ்டில் என் கரிமூட்டம் ஒரு பொழுதுகூட அணையக்கூடாது என்பது சவேரியுவின் உத்தரவு. மேலே மாக்கி என்கிற அடர்ந்த புதருக்குள் ஒளிந்துகொண்டு அவனும் அவன் ஆட்களும் சமைக்கிற புகை என் மூட்டத்துப் புகையோடு கலந்து போக வேண்டும். கீழே பாலத்துச் சாவடியில் இருக்கிற இத்தாலியச் சிப்பாய்கள் அண்ணாந்து பார்த்தால், கரிக்காரன் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார்கள். மூட்டம் அணைந்தால் மேலே இருப்பவர்களுக்கு ஆறிப்போன கஷ்கொட்டைக் களிதான்.

உத்தரவு போடுவது சுலபம். ஒரு மூட்டம் எரிந்து முடிவதற்குள் அடுத்ததற்கு மரம் வெட்டி, அடுக்கி, இலை போர்த்தி, மண் பூசித் தயாராக வைக்க வேண்டும். ஒற்றை ஆள். மாக்கியில் மரம் வெட்டுவது காட்டில் மரம் வெட்டுவது போல இல்லை. தலைக்கு மேல் வளர்ந்த புதர், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். கோடாரியை ஓங்க இடம் இருக்காது. முள் கிழிக்கும், பிசின் ஒட்டும், வியர்வை அதில் இறங்கி எரியும். ஒரு கட்டு விறகுக்குள் உடம்பில் பத்துக் கீறல். நான் பதினைந்து வயதிலிருந்து இதைத்தான் செய்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

என் பெயர் செத்திமியோ. இந்தக் கோர்சிக்காத் தீவில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நான் லூக்காக்காரன், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலியில் இருக்கிற லூக்கா மலையிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து கரி போடுவோம், கிணறு வெட்டுவோம், கல் சுவர் கட்டுவோம். குனிந்து செய்கிற வேலை எல்லாம் எங்களுக்கு. கோர்சிக்காக்காரன் தன் பிள்ளையைத் திட்டும்போது 'லூக்காக்காரன் மாதிரி இருக்காதே' என்பான். சண்டை வந்து கப்பல் நின்றபோது நான் இங்கேயே மாட்டிக்கொண்டேன். பிறகு இத்தாலியப் பட்டாளம் வந்து இறங்கியது. சிப்பாய்களுக்கு நான் சொந்த ஊரை விட்டு ஓடியவன். ஊர்க்காரர்களுக்கு நான் பட்டாளத்தின் மச்சான். நான் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

சவேரியு சண்டைக்கு முன்னால் பேருந்து ஓட்டியவன், இப்போது பட்டாளத்தை எதிர்த்து மலையேறியவர்களுக்குத் தலைவன். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்கிற மாதிரியே எப்போதும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். அவனோடு இருந்தவர்களில் எனக்குக் கொஞ்சம் பேச்சுவார்த்தை இருந்தது தோமா ஒருவனிடம்தான். ஆடு மேய்க்கிறவன். பால்கட்டி கொண்டு வந்து தருவான், கூடவே வாயாலேயே அடிப்பான்.

"ஏய் லூக்கா, லண்டன் ரேடியோல என்ன சொன்னான் தெரியுமா?" என்றான் ஒரு நாள். "பிரான்சு முழுக்க இப்ப ஜெர்மன்காரனை எதிர்த்து மலைக்கு ஓடினவன் எல்லாம் மாக்கியாம். பனி விழுற ஊர்ல, பைன் மரத்தடியில உக்காந்துக்கிட்டு, 'நான் மாக்கி'ங்கிறானாம். ஒரு குச்சி மாக்கிகூட அங்க முளைக்காது!"

"பேரு மட்டும் போயிருக்கு."

"எங்க செடியோட பேரு. கேட்டானுங்களா ஒரு வார்த்தை? எங்க தாத்தா கத்திக்குத்துக்குப் பயந்து இதே புதருக்குள்ள ஏழு வருஷம் கிடந்தாரு. அப்ப அவரைத் திருட்டுப்பயன்னாங்க. இப்ப அதையே பண்ணா வீரனாம்." காறித் துப்பினான். "சரி, உன் மூட்டம் ஏன் இன்னைக்கு இவ்வளவு நாறுது?"

"பச்சை மரம். உங்க ஆளு அவசரப்படுத்தினா பச்சை மரந்தான் வேகும்."

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நெல்லோ வந்தான்.

மதியம். எரிகிற மூட்டத்தின் மேல் மண் ஒரு இடத்தில் உள்வாங்கியது. நான் என் ஊர்ப் பேச்சில் அதன் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிக்கொண்டே மண்வெட்டியால் அடைத்தேன். பின்னால் புதருக்குள்ளிருந்து அதே ஊர்ப் பேச்சில் ஒரு குரல்: "அண்ணே, தண்ணி இருக்கா?"

பட்டாளச் சட்டையின் பித்தானெல்லாம் பிய்த்திருந்தான். துப்பாக்கி இல்லை. ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ரொட்டியை மெல்லாமல் விழுங்கினான். அண்ணன் ருஷ்யப் பனியில் செத்துவிட்டான், அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் என்றான். ரோமில் ஆட்சியே கவிழ்ந்த பிறகும் எதற்காக இந்தப் பாலத்தைக் காக்கிறோம் என்று தெரியவில்லை, அதனால் நடந்துவிட்டேன் என்றான். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. மாக்கிக்குள் வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்பது இந்தத் தீவில் வழக்கம் இல்லை. சோறு போடுவார்கள், கேட்க மாட்டார்கள். நானும் அதைப் பழகியிருந்தேன்.

சவேரியு தோமாவோடு இறங்கி வந்து பார்த்தான். பார்த்ததும் துப்பாக்கியின் பூட்டை இழுத்தான்.

"தள்ளு."

"அவன் ஓடி வந்தவன்" என்றேன்.

"எல்லா ஒற்றனும் ஓடித்தான் வருவான். எங்க புகையைப் பார்த்துட்டான், உன்னைப் பார்த்துட்டான், என்னையும் பார்த்துட்டான். தள்ளுடா."

"மாக்கிக்குள்ள வந்தவனைக் காட்டிக் கொடுக்கிறதில்லை, கொல்றதில்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது எங்களுக்குள்ள. லூக்காக்காரனுக்கும் பட்டாளத்துக்காரனுக்கும் யாரு சொன்னது?"

நெல்லோவுக்குப் பேச்சு புரிந்தது. எழுந்து நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கையில் இருந்த ரொட்டித் துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு வாய் வந்தது.

"இவனுக்கு நான் வாக்கு. இவனால ஏதாவது வந்தா என்னைச் சுடு."

தோமா சிரித்துவிட்டான். "லூக்காக்காரன் வாக்குக் கொடுக்கிறான்டா!"

சவேரியு சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் தலை அந்த வாக்குக்கு அடமானம். இங்கே பிறந்தவனுக்கு அது தெரியும். நான் தெரிந்து சொல்கிறேனா என்று பார்த்தான். "சரி" என்றான். "மேல கூட்டிட்டு வராதே. உன்கிட்டயே வெச்சுக்க. தோமா, நீ இவனுங்களுக்கு மேல உக்காரு. பட்டாளம் வந்து, இவன் ஏதாவது சைகை காட்டினா, முதல் குண்டு லூக்காவுக்கு."

அடுத்துப் பற்றவைக்க அடுக்கி முடித்திருந்த மூட்டத்தில் நெல்லோவை வைத்தேன். அடிப்பக்கம் மலையை ஒட்டிய இடத்தில் விறகை உருவி, ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார இடம் செய்தேன். வெளியே இலையும் மண்ணும் வைத்து மூடினால் தெரியாது. சத்தம் கேட்டால் உள்ளே போ, நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வெளியே வா என்றேன். இரண்டு நாள் இப்படி. அவனுக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. சருகு அசைந்தால் இருவரும் எழுந்தோம். மேலே தோமாவும் எழுவது கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் வந்துவிட்டார்கள். சார்ஜன்ட் ஒருவன், சிப்பாய்கள் நாலு பேர். கல்லில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் நெல்லோ உள்ளே போனான், நான் மண்ணை அப்பினேன். நிமிர்ந்தபோது அவர்கள் திட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் கரிக்காரா, ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தானா? நம்ம சட்டை போட்டவன்."

"யாரும் வரலைங்க. ஆடுதான் வரும்."

சார்ஜன்ட் என் குடிசைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஒருவன் புதரில் துப்பாக்கி முனையால் குத்தினான். அதோடு போயிருப்பார்கள். வெயில் ஏறிவிட்டது, அவர்களுக்கும் மனம் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவன், குட்டையாக, தோள் அகலமாக இருந்தவன், என் எரிகிற மூட்டத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"மாமா, நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட சாமி! ஆத்துக்கு மேல்கரையா? நான் கீழ்க்கரை! அர்மாந்தோ. எங்கப்பாவைத் தெரிஞ்சிருக்கும், கரிக்கார பெப்பே, ஒத்தைக் கண்ணு."

தெரியும். அவன் அப்பாவோடு ஒரு குளிர்காலம் ஒரே குடிசையில் படுத்திருக்கிறேன். சொல்லியிருக்கக்கூடாது, சொல்லிவிட்டேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். பெப்பே நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு புகையின் மணத்தை வைத்தே மூட்டம் பார்ப்பான் என்று நான் சொல்ல, "அதே அதே! அம்மா சோறு வெந்துச்சான்னுகூட அவரைத்தான் கேப்பாங்க!" என்று அவன் சத்தமாகச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் மேட்டில் தோமா துப்பாக்கியோடு படுத்திருக்கிறான் என்பது சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தோளுக்கு நடுவில் ஒரு இடம் சில்லென்று ஆனது.

அர்மாந்தோ அடுத்த மூட்டத்தின் பக்கம் போனான். சுற்றி வந்தான். கையால் தட்டிப் பார்த்தான்.

"அடுக்கு பிரமாதம் மாமா. ஏன் பத்த வைக்கலை?"

"அது... இது முடியட்டும்னு."

"இது நீலப்புகை வர ஆரம்பிச்சிருச்சே. இன்னைக்கோ நாளைக்கோ முடிஞ்சிரும். இப்பவே பத்த வெச்சாத்தானே சரியா இருக்கும்?"

காற்று சரியில்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. மண் ஈரம் என்று சொல்லலாமா? அவன் கை இப்போதுதான் அதைத் தட்டியது. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு பொய் சொல்லி அனுப்பியிருப்பேன். கரிக்காரன் மகனிடம் என்ன பொய் சொல்ல?

"சார்ஜன்ட், ஒரு நிமிஷம்" என்று அவன் கத்தினான். "நான் பத்த வெச்சுட்டு வரேன்! மூணு வருஷமாச்சு. கை அரிக்குது."

சார்ஜன்ட் நிழலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வை, வை. நம்ம லாரியும் கரியிலதானே ஓடுது. பெட்ரோல்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு."

அர்மாந்தோ என்னைக் கேட்கவே இல்லை. அவன் வீட்டுக் களத்தில் நிற்கிறவன் மாதிரி என் மண்சட்டியை எடுத்தான். எரிகிற மூட்டத்தின் ஓரத் துளையிலிருந்து கங்குகளை வாரினான். ஏணியை எடுத்து அடுத்த மூட்டத்தின் மேல் சாய்த்தான். உச்சியில் இருக்கிற வாயில் கங்கைக் கொட்டினால் அது நடுக்குழி வழியாக நேரே அடிக்குப் போகும். அடியில், ஒரு முழம் தள்ளி, நெல்லோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீ அவனைத் தொட நேரமாகும். புகைக்கு நேரம் ஆகாது. அவன் கத்திக்கொண்டு மண்ணை உடைத்து வெளியே வந்தால் அவனைச் சுவர் ஓரம் நிறுத்திச் சுடுவார்கள், என்னையும் சுடுவார்கள். வராவிட்டால் உள்ளேயே.

அர்மாந்தோ ஏணியில் இரண்டாவது படியில் கால் வைத்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

நான் எரிகிற மூட்டத்தின் காற்றுப் பக்கமாக நடந்து போனேன். போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்தேன்.

மண் உள்ளே போனது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு மூட்டம் மூச்சை இழுத்தது, அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஓட்டையிலிருந்து நெருப்பு நாக்கு என் இடுப்பு உயரத்துக்கு வந்தது.

"மூட்டம் உடைஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

அர்மாந்தோ ஏணியிலிருந்து குதித்தான். சட்டியைத் திட்டில் வீசிவிட்டு ஓடி வந்தான். எந்தக் கரிக்காரன் மகனும் அதைத்தான் செய்வான். பெற்ற தாய் கூப்பிட்டால்கூடத் திரும்பியிருக்க மாட்டான். "மண்ணு! மண்ணைக் கொண்டா! டேய், சும்மா நிக்காதீங்கடா, ஆகஸ்ட் மாசம், புதரு பிடிச்சா மலையே போயிரும்!" சார்ஜன்ட் வெறுங்காலோடு எழுந்து ஓடி வந்தான். சிப்பாய்கள் தொப்பியில் மண் அள்ளினார்கள். நானும் அள்ளினேன். பொய்யாக அள்ளவில்லை. உடைத்தவன் நான்தான் என்றாலும் என் கை அதை மூடத்தான் துடித்தது. நாற்பது நாள் உழைப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. கறுப்புப் புகை மலைக்கு மேல் எழும்பி நின்றது. கடலில் இருப்பவனுக்கும் தெரிந்திருக்கும்.

பாதிக்கு மேல் சாம்பலான பிறகுதான் அடங்கியது. எல்லோரும் கறுத்துப்போய் இருமிக்கொண்டு நின்றோம். சார்ஜன்ட் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு என் பரம்பரையைத் திட்டினான்.

அர்மாந்தோ கடைசி மண்ணைப் போடக் குனிந்தவன், அப்படியே நின்றான். ஓட்டையின் ஓரத்தில், தீ படாத ஈர மண்ணில், என் குதிகால் பதிந்திருந்தது. தானாக உள்வாங்கிய மூட்டத்தில் அது இருக்காது. அவன் என் காலைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, பற்றவைக்காத மூட்டத்தைப் பார்த்தான். அதில் சாய்த்த ஏணி இன்னும் அப்படியே இருந்தது.

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஆடு ஏறியிருக்கும்" என்றான், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"ஆடுதான்" என்றேன்.

மண்வெட்டியின் பின்புறத்தால் அந்தத் தடத்தை ஒரே தட்டாகத் தட்டி அழித்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். போகும்போது கை குலுக்கவில்லை.

அவர்கள் பேச்சு வளைவில் மறைந்ததும் நெல்லோவை இழுத்து வெளியே போட்டேன். அவன் தலைக்கு மேல் ஏணி சாய்ந்த சத்தத்தைக் கேட்டிருக்கிறான். கால்சட்டை நனைந்திருந்தது. சவேரியுவும் தோமாவும் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"நல்லா சிரிச்சீங்கடா மாமனும் மருமகனும்" என்றான் தோமா. "விரல் விசையிலேயே இருந்துச்சு. நீ ஒரு வார்த்தை கூடப் பேசியிருந்தா..."

சவேரியு அவனைத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்தான். "கடைசியில குனிஞ்சு உன்கிட்ட என்ன சொன்னான்?"

"மூட்டத்து மேல ஆடு ஏறியிருக்கும்னு சொன்னான்."

"அவனுக்குத் தெரியுமா தெரியாதா?"

சவேரியுவின் ஆட்கள் குறுக்குப் பாதையில் இறங்கினால் சாவடிக்கு முன்னாலேயே சிப்பாய்களை மடக்கிவிடலாம். சவேரியு என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியும் என்றால் பெப்பேயின் மகன் வளைவைத் தாண்ட மாட்டான். தெரியாது என்று நான் சொல்லி, அவன் போய் வாயைத் திறந்தால், நாளைக்கு இந்த மலையில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம்.

"தெரியாது" என்றேன்.

"இதுக்கும் உன் வாக்கா?"

"இதுக்கும்."

"ஒரு தலையை எத்தனை தடவைடா அடமானம் வைப்பே?" என்றான். ஆனால் பாதையிலிருந்து கண்ணை எடுத்தான். அன்றே அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். நெல்லோவைக் கையைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். நான் போகக்கூடாது. கரிக்காரன் காணாமல் போனால் சாவடிக்குச் சந்தேகம் வரும். தோமாவும் துப்பாக்கியும் என்னோடு.

நெல்லோ ஒளிந்திருந்த இரண்டாவது மூட்டத்தைச் சரிசெய்து நானே பற்றவைத்தேன். பிறகு காத்திருந்தோம். லாரிச் சத்தம் கேட்டால் கோடாரியை ஓங்கியபடியே நிற்பேன். அது பாலத்தைத் தாண்டிப் போன பிறகுதான் வெட்டுவேன். தோமா துப்பாக்கியைத் திரும்பத் திரும்பத் துடைப்பான்.

ஒரு முற்பகலில் சாவடி லாரி திரும்பி எங்கள் தடத்தில் ஏறியது. தோமா புதருக்குள் போனான். அர்மாந்தோவும் இன்னும் இரண்டு சிப்பாய்களும் சாக்குகளோடு இறங்கினார்கள். உடைந்த மூட்டத்தில் மிஞ்சிய கரியைக் கேட்டார்கள், கொடுத்தேன். வாரினார்கள், கட்டினார்கள், ஏற்றினார்கள். அர்மாந்தோ வாயை இறுக்கிக்கொண்டு வேலை செய்தான். புகைகிற இரண்டாவது மூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவன் ஒருவன், "என்னடா, உங்க ஊர்க்காரரு, ஒரு வார்த்தை பேசலையா?" என்றான். "பல்லு வலிக்குது" என்றான் அர்மாந்தோ.

லாரி கிளம்பியதும் தோமா எழுந்து வந்தான். அது கீழே கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கரியில் ஓடுகிற லாரி, நடக்கிறவனைவிடக் கொஞ்சம்தான் வேகம். பின்னால் சாக்குகளின் மேல் அர்மாந்தோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அன்னைக்கு மைனா மாதிரிப் பேசினவன்" என்றான் தோமா. "இன்னைக்கு வாயே திறக்கலை. அந்த மூட்டத்தைப் பார்க்கவே இல்லை. கரிக்காரன் மகன், எரியற மூட்டத்தைப் பார்க்காம போறானா?" துப்பாக்கியைத் தோளில் வைத்தான். "அவனுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன். "அன்னைக்கே தெரியும். என் கால் தடத்தை அவன்தான் அழிச்சான்."

"பொய் சொன்னியா, பரதேசி! சவேரியு முகத்தைப் பார்த்து!"

"சொன்னேன். அவன் சாவடிக்குப் போய் எத்தனை தடவை தூங்கி எழுந்துட்டான்? சொல்லணும்னா சொல்லியிருப்பான். மேல நீங்க இன்னும் களி தின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"இன்னைக்குச் சொல்லலை. நாளைக்கு?"

துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்துக் கீழே தள்ளலாம் என்று தோன்றியது. தள்ளவில்லை. தள்ளினால் சுட்டுவிடுவான். நான் குழலுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

தோமா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே என்ஜின் இருமியது, ஒரு வளைவு, அடுத்த வளைவு. பிறகு சத்தம் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். முகமெல்லாம் வியர்வை.

"மேல போய் நான் என்னத்தைச் சொல்றது?"

"கரி ஏத்திட்டுப் போனாங்கன்னு சொல்லு."

"சொல்லிட்டா இனிமே நானும் உன்கூட அடமானம்" என்றான். அசிங்கமான ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டான், என்னைச் சொன்னானா தன்னைச் சொன்னானா தெரியவில்லை. ஆனால் போனான். புதர் அவன் பின்னால் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கிளைகள் உரசுகிற சத்தம் மட்டும் மேலேறிப் போனது.

உட்காரலாம் என்று ஒரு கல்லைத் தேடினேன். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். கீழே ஏதோ வண்டிச் சத்தம் மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூட்டத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.